300 டாலர் வி.ஆர். ஹெட்செட்: விலைக்கேற்ற பயன் யாருக்குக் கிடைக்கிறது?

மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும் வி.ஆர். ஹெட்செட்டின் விலை 300 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. அதை வாங்கியவர்களில் ஒரு சாரார் வியந்து பேசுகிறார்கள். இன்னொரு சாரார் சில வாரங்களில் அலமாரியில் வைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். இவர்களில் யார் பேச்சை நம்பி வாங்குவது என்பதே கேள்வி. இரு சாராரும் சொல்வது உண்மை என்றே நான் கருதுகிறேன். ஒரே கருவியை ஒரே விலைக்கு வாங்கிய இருவரில் ஒருவருக்கு அது லாபமாகவும் மற்றவருக்கு வீண்செலவாகவும் முடிவதற்குக் காரணம், எந்தக் குறிப்பிட்ட காரியத்துக்காக அதை வாரந்தோறும் தலையில் மாட்டப்போகிறார்கள் என்பதில் இருக்கிறது. அந்தக் காரியத்தை வாங்குவதற்கு முன்பே சொல்ல முடிந்தவருக்கு 500 டாலர்கூட அதிகமில்லை. சொல்ல முடியாதவருக்கு 200 டாலரும் அதிகம்தான். இந்தக் கருவிகள் பெரும்பாலும் அமெரிக்காவில் முதலில் விற்பனைக்கு வருவதால், அந்த நாட்டு விலைகளைக் கொண்டே விளக்குகிறேன்.

விலைதான் தடை என்ற எண்ணம் தொடக்கத்தில் பொருத்தமாகவே இருந்தது. 2012 ஆகஸ்டில் பால்மர் லக்கியின் ஓக்குலஸ் நிறுவனம் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டியபோது, 300 டாலர் கொடுத்தவர்களுக்கு மென்பொருள் உருவாக்குநருக்கான கருவி ஒன்று வாக்களிக்கப்பட்டது; 24 லட்சம் டாலர் சேர்ந்தது. 2014 மார்ச்சில் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2016 ஜனவரியில் ஓக்குலஸின் ரிஃப்ட் ஹெட்செட்டின் விலை 599 டாலர் என்று வெளியானபோது ஆர்வலர்களிடையே கோபம் வெடித்தது. 350 டாலரைச் சற்றே தாண்டும் என்று லக்கியின் முந்தைய பேச்சிலிருந்து பலர் புரிந்துகொண்டிருந்தார்கள். விலையைப் பற்றித் தாம் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். அந்த 599 டாலரும் முழுச் செலவன்று. அதை இயக்கும் திறனுள்ள கணினியோடு சேர்த்து வாங்கினால் தொடக்க விலை 1,499 டாலர். அதே ஆண்டு ஏப்ரலில் வந்த எச்டிசி வைவ் 799 டாலர். அதற்கும் கணினி தனி. அக்டோபரில் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆர். 399 டாலருக்கு விற்றாலும், அதற்குத் தேவையான கேமரா அந்த விலைக்குள் அடங்கவில்லை.

பிறகு தடை உடைந்தது. 2019 மே மாதம் கணினியோ கம்பியோ தேவைப்படாத ஓக்குலஸ் குவெஸ்ட் 399 டாலருக்கு வந்தது. 2020 அக்டோபரில் அதைவிடத் தெளிவான திரையுடன் குவெஸ்ட் 2 வெறும் 299 டாலருக்கு வந்தது. கணினிக்கும் சேர்த்து 1,500 டாலர் கேட்ட அனுபவம், நான்கே ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு விலையில் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது.  2024 அக்டோபரில் வந்த குவெஸ்ட் 3எஸ் கருவியும் அதே 299 டாலரில் தொடங்கியது. ஓராண்டு முன்னர் 499 டாலருக்கு வந்த குவெஸ்ட் 3-இல் இருக்கும் அதே செயலியே அதிலும் இருக்கிறது.

ஆனால் விலை இறங்கிய வேகத்தில் மனக்குறை இறங்கவில்லை. 2023 தொடக்கத்தில், மெட்டா என்று பெயர் மாறியிருந்த ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள்கூட்டம் ஒன்றின் விவரங்கள் பத்திரிகையில் வெளிவந்தன. அதுவரை ஏறத்தாழ 2 கோடி குவெஸ்ட் கருவிகள் விற்றிருந்தன என்பது அதில் ஒரு செய்தி. முந்தைய கிறிஸ்துமஸ் காலத்தில் புதிதாக வாங்கியவர்கள், ஆரம்பத்தில் வாங்கியவர்களின் அளவுக்கு அதில் ஈடுபாடு காட்டவில்லை என்பது மற்றொன்று. என் பார்வையில் இரண்டாவது செய்திதான் முக்கியமானது. 1,500 டாலர் கொடுத்தவர் தமக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து கொடுத்தார். 299 டாலர் கொடுத்தவர்களில் பலர் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று கொடுத்தார்கள். விலை குறையக் குறைய வாங்குவோர் பெருகினார்கள். அவர்களுள் காரணமின்றி வாங்கியவர்களின் பங்கும் பெருகியது. கணினி விளையாட்டுகளுக்கான ஸ்டீம் தளத்தின் மாதாந்தரக் கணக்கெடுப்பிலும் வி.ஆர். ஹெட்செட் இணைத்திருப்போர் நூற்றுக்கு இரண்டு பேர் என்ற அளவைச் சுற்றியே பல ஆண்டுகளாக இருந்து வருகிறார்கள்.

அலமாரிக்குப் போகும் கருவி ஏன் போகிறது என்பதை வாங்கியவர்களின் சொற்களிலேயே கேட்டால், 'விளையாட்டு போதவில்லை' என்பதைவிட 'மாட்டிக்கொள்ள அலுப்பாக இருக்கிறது' என்பதே அடிக்கடி வருகிறது. குவெஸ்ட் 2-இன் எடை 503 கிராம், குவெஸ்ட் 3-இன் எடை 515 கிராம், ஆப்பிள் விஷன் புரோவின் எடை 600 கிராமுக்கும் மேல். அரைக்கிலோ எடை தலை உச்சியில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இங்கோ அது முகத்துக்கு முன்னால் தொங்குவதால் கன்னத்தையும் நெற்றியையும் அழுத்திக்கொண்டு, கழுத்துத் தசைகளைத் தொடர்ந்து பின்னுக்கு இழுக்க வைக்கிறது. முகம் வியர்க்கிறது, தலைமுடி கலைகிறது, கழற்றும்போது முகத்தில் தடம் பதிந்திருக்கிறது. மேசை நாற்காலியை ஒதுக்கி, மெட்டா பரிந்துரைக்கும் 2 மீட்டருக்கு 2 மீட்டர் வெற்றிடத்தை உண்டாக்கி, கைக்கருவிகளில் மின்னூட்டம் இருக்கிறதா என்று பார்த்து, வந்திருக்கும் மென்பொருள் புதுப்பிப்பு முடியும்வரை காத்திருந்து மாட்டிக்கொள்ள வேண்டும். தொலைபேசியைக் கையில் எடுத்ததும் பொழுதுபோக்கு தொடங்கிவிடும் காலத்தில், அரைமணி நேர இன்பத்துக்கு இத்தனை ஆயத்தம் தேவைப்படும் பொருள் தோற்றுப்போவதில் வியப்பில்லை. 2021-இல் குவெஸ்ட் 2-இன் முகத்தில் படும் பஞ்சு சிலருக்குத் தோல் எரிச்சலை உண்டாக்கியதால், அமெரிக்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் பஞ்சு உறைகள் திரும்பப் பெறப்பட்டு, மேலே போர்த்திக்கொள்ளும் சிலிக்கோன் உறை இலவசமாகத் தரப்பட்டது. வாங்கிய பிறகும் பயன்படுத்துவோமா என்பதை நிர்ணயிப்பவை முகத்தில் படும் இத்தகைய சிறு விஷயங்களே என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

குமட்டல் இன்னொரு காரணம். திரையில் நாம் ஓடுவதாகக் கண் சொல்கிறது. உடல் அசையவில்லை என்று உட்காது சொல்கிறது. இந்த முரண்பாட்டை மூளை சமாளிக்க முடியாதபோது தலைசுற்றலும் வாந்தி உணர்வும் வருகின்றன. நாம் நின்ற இடத்திலேயே நின்று, வருகிற பொருள்களை வெட்டுவதோ தட்டுவதோ போன்ற விளையாட்டுகளில் உடலின் அசைவும் கண்ணின் அசைவும் ஒன்றாகவே இருப்பதால் பெரும்பாலோர்க்குத் தொந்தரவு இல்லை. கைக்கருவியின் குமிழைத் தள்ளி நடந்து செல்லும் விளையாட்டுகள்தான் புதியவர்களைக் கவிழ்க்கின்றன. 'பழகிவிடும், பொறுத்துக்கொள்' என்று சில ஆர்வலர்கள் தரும் அறிவுரையை நான் கடுமையாக மறுக்கிறேன். முதல் அறிகுறி தெரிந்ததும் கழற்றிவிட்டு, முற்றிலும் தெளிந்த பிறகு குறைந்த நேரமே தொடர்ந்தால் பலருக்கு நாளடைவில் தாங்கும் திறன் கூடுகிறது. குமட்டலோடு பிடிவாதமாகத் தொடர்ந்தவர்களுக்கோ, பிற்பாடு அந்தக் கருவியை நினைத்தாலே ஒவ்வாமை வந்துவிடுகிறது.

கண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இக்கருவிகளின் வில்லைகள் திரையை ஓரிரு மீட்டர் தொலைவில் இருப்பது போன்ற ஒரே குவியத்தில் காட்டுகின்றன. ஒரு பொருள் கைக்கெட்டும் தூரத்தில் தோன்றும்போது இரு விழிகளும் உள்நோக்கித் திரும்புகின்றன. விழிவில்லையோ பழைய தொலைவிலேயே குவிந்திருக்க வேண்டியிருக்கிறது. நீண்ட நேரப் பயன்பாட்டில் பலர் சொல்லும் கண்சோர்வுக்கு இது ஒரு முக்கியக் காரணம். இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3எஸ் இரண்டிலும் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே நிலைகள்; இவற்றிலிருந்து மிகவும் விலகியிருக்கும் கண்களுக்குப் படம் மங்கலாகத் தெரியலாம். குவெஸ்ட் 3-இல் சிறு சக்கரம் ஒன்றைத் திருகிச் சிறிது சிறிதாகச் சரிசெய்துகொள்ளலாம். ஒருவர் 'படம் அற்புதம்' என்றும் மற்றவர் 'தெளிவே இல்லை' என்றும் ஒரே கருவியைப் பற்றி எழுதும்போது, இந்தச் சில மில்லிமீட்டர்களே பல நேரங்களில் அந்த வேறுபாட்டுக்குக் காரணமாகின்றன. மூக்குக்கண்ணாடி அணிவோர் தம் பார்வைக்கேற்ற உள்வில்லைகளைத் தனியே வாங்குவது நல்லது. கண்ணாடிச் சட்டம் உரசி ஹெட்செட்டின் வில்லையில் கீறல் விழுந்தால் அதைப் போக்க வழியில்லை.

இங்கே பெட்டியில் அச்சிடப்படாத விலைக்கு வருகிறோம். குவெஸ்ட் 3-உடன் வரும் மெல்லிய துணிப்பட்டையில் திருப்தி அடைந்தவர்கள் குறைவு. எடையைப் பின்தலைக்கும் பகிர்ந்தளிக்கும் உறுதியான பட்டையை மெட்டா 70 டாலருக்கும், மின்கலத்தோடு கூடியதை 130 டாலருக்கும் வெளியிட்டது. கருவியின் மின்கலம் தனியாக இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும் என்பதால், நெடுநேரம் பயன்படுத்துவோர்க்கு இரண்டாவது பட்டை ஆடம்பரமாக இருப்பதில்லை. விலை கொடுத்து வாங்கும் விளையாட்டுகள் பெரும்பாலும் 20 முதல் 40 டாலர் வரை. உடற்பயிற்சிச் செயலிகள் சிலவற்றுக்கு மாதச் சந்தா. 300 டாலர் கருவியை முறையாகப் பயன்படுத்த முதல் ஆண்டில் 450 முதல் 500 டாலர் வரை ஆகும் என்று கணக்கிட்டு இறங்குவது நியாயமாக இருக்கும். சோனி 2023 பிப்ரவரியில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் வி.ஆர். 2-இன் விலை 550 டாலர்; பிளேஸ்டேஷன் 5 இல்லாதவர் அதற்கு மேலும் 400, 500 டாலர் செலவிட வேண்டியிருந்தது. முந்தைய பிளேஸ்டேஷன் வி.ஆருக்கு வாங்கிய விளையாட்டுகள் புதியதில் அப்படியே இயங்காது என்றதும் பழைய வாடிக்கையாளர்கள் வெகுண்டார்கள். அவர்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. இரண்டே ஆண்டுகளில், 2025 மார்ச்சில், அதன் விலை 400 டாலராகக் குறைக்கப்பட்டது.

பயன் என்று விளம்பரங்கள் முதலில் காட்டும் இரண்டு காரியங்கள் திரைப்படம் பார்ப்பதும் அலுவல் செய்வதும். இவ்விரண்டுக்காக மட்டும் வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. அதற்கான காரணத்தை எண்களே சொல்லிவிடும். நல்ல பார்வையுள்ள கண், பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்குள் சுமார் 60 படப்புள்ளிகளைப் பிரித்தறியும். குவெஸ்ட் 2 ஒரு பாகைக்கு ஏறத்தாழ 20 புள்ளிகளையும், குவெஸ்ட் 3 ஏறத்தாழ 25 புள்ளிகளையும் தருகின்றன. விஷன் புரோகூட முப்பத்தைந்தைத் தொடுவதில்லை. பறந்து வரும் கனசதுரத்தை வெட்டுவதற்கு 20 போதும். கணக்குத் தாளில் உள்ள சிறிய எழுத்துகளை எட்டு மணி நேரம் படிப்பதற்குப் போதாது. அதைச் செய்ய மேசைமேல் உள்ள சாதாரணத் திரையே மேல். திரைப்படத்தில் இந்தக் குறை அவ்வளவாக உறுத்துவதில்லை, பெரிய திரை என்ற உணர்வு உண்மையாகவே கிடைக்கிறது. ஆனால் இரண்டரை மணி நேரப் படம் முடிவதற்குள் மின்கலம் தீர்ந்துவிடக்கூடும், பக்கத்தில் இருக்கும் வீட்டாரும் சேர்ந்து பார்க்க முடிவதில்லை. தனியே வசிப்பவர்களும், அடிக்கடி நெடுந்தொலைவு விமானத்தில் செல்பவர்களும் இந்தப் பயன்பாட்டைப் புகழ்வதையும், குடும்பத்தோடு இருப்பவர்கள் சீக்கிரமே கைவிடுவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆப்பிள் விஷன் புரோ 2024 பிப்ரவரி 2 அன்று 3,499 டாலருக்கு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததும் இதே கேள்வியை உச்ச விலையில் எழுப்பியது. அதன் திரைகளில் மொத்தம் 2 கோடியே 30 லட்சம் படப்புள்ளிகள். கண்ணால் நோக்கி விரல்களைச் சேர்த்துக் கிள்ளினால் கட்டளை நிறைவேறுகிறது. திரையின் தரத்தை விமர்சகர்கள் ஏறக்குறைய ஒருமனதாகப் பாராட்டினார்கள். அப்படியிருந்தும், 14 நாள் அவகாசத்துக்குள் திருப்பிக் கொடுத்தவர்கள் சொன்ன காரணங்கள் எடை, தலைவலி, அன்றாடம் செய்ய இதில் ஒன்றுமில்லை என்பவைதாம். பத்து மடங்குக்கு மேல் விலை கொடுத்தாலும் முகத்தின் மேல் அழுத்தும் எடை நீங்கவில்லை, மின்கலம் இரண்டு மணி நேரத்தைத்தான் சுற்றி வந்தது. வாங்குவோர் மனக்குறையின் வேர் விலையில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி, மாதக்கணக்கில் விடாமல் பயன்படுத்துவோர் யார் என்று பார்க்கலாம். முதலிடம் உடற்பயிற்சிக்காக வாங்கியவர்களுக்கு. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகத் தயங்குகிறவர்களும், சிறு குழந்தையை வீட்டில் விட்டு வெளியேற முடியாதவர்களும், பனிக்காலத்தில் வெளியே நடக்க இயலாதவர்களும் காலையில் அரைமணி நேரம் குத்துச்சண்டைப் பயிற்சியோ தாளத்துக்கேற்ப வெட்டும் 'பீட் சேபர்' போன்ற விளையாட்டோ ஆடி வியர்ப்பதைத் தங்கள் அன்றாட வழக்கமாக்கிக் கொண்டிருக்கிறார்கள். கூடத்தின் மாதக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் ஓராண்டுக்குள் கருவியின் விலை திரும்பிவிடுகிறது; அதற்கும் மேலாக, பயிற்சி செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் செய்ய முடிகிறது என்று இவர்கள் சொல்வதை நான் முழுமையாக நம்புகிறேன். கருவியின் குறைகள் அனைத்தும் இங்கே சிறுத்துப்போகின்றன: அரைமணி நேரத்துக்கு மின்கலம் போதும், எழுத்தைப் படிக்க வேண்டியதில்லை, நின்ற இடத்தில் ஆடுவதால் குமட்டல் இல்லை, எப்படியும் வியர்க்கத்தான் போகிறோம்.

அடுத்து, கார்ப் பந்தயமும் விமானம் ஓட்டுவதும் கணினியில் பாவனையாகச் செய்வோர். அவர்கள் ஏற்கெனவே திசைமாற்றிச் சக்கரத்துக்கும் மிதிகளுக்கும் பணம் செலவிட்டவர்கள், உட்கார்ந்தே ஆடுகிறவர்கள். தட்டைத் திரையில் ஊகிக்க வேண்டிய வளைவின் ஆழத்தை இரு கண்களாலும் அளந்து பார்க்க முடிகிறது, தலையைத் திருப்பினால் பக்கத்து வாகனம் தெரிகிறது. இவர்களில் ஒருமுறை மாறியவர் தட்டைத் திரைக்குத் திரும்புவது அரிது. தொலைதூரத்தில் வசிக்கும் நண்பர்களோடு வாரம் ஒரு மாலை கூடி மேசைப்பந்தோ குழிப்பந்தோ ஆடுகிறவர்களும் இந்த வரிசையில் வருவார்கள்.

வீட்டுக்கு வெளியே பயன் இன்னும் உறுதியானது. 2018-இல் வால்மார்ட் தன் ஊழியர் பயிற்சிக்காக 17,000 ஓக்குலஸ் கோ கருவிகளைக் கடைகளுக்கு அனுப்புவதாக அறிவித்தது. 2021-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், குழந்தைகளின் சோம்பல் கண் குறைபாட்டுக்கும் பெரியவர்களின் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கும் வி.ஆர். வழியான இரு சிகிச்சைகளை அனுமதித்தது. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது நோயாளியின் கவனத்தை வலியிலிருந்து விலக்க இது உதவுவதை வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கருவிகள் மலிவாவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே காட்டி வந்திருக்கிறார்கள். இங்கெல்லாம் காரியம் முதலில் நிச்சயிக்கப்பட்டு, அதற்காகக் கருவி வாங்கப்பட்டது.

விலையைப் பேசும்போது பலர் கணக்கில் எடுக்காத ஒன்று, இந்தக் கருவி எத்தனை ஆண்டு உயிரோடிருக்கும் என்பது. கூகுளின் டேட்ரீம் வி.ஆர். தளம் 2016-இல் வந்து 2019-இல் நிறுத்தப்பட்டது. ஓக்குலஸ் கோவின் விற்பனை 2018-இல் தொடங்கி 2020-இல் முடிந்தது. இவற்றைவிட வேதனையானது விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டியின் கதை. எச்பி, ஏசர், லெனோவோ, சாம்சங் முதலிய நிறுவனங்கள் மைக்ரோசாஃப்டின் மென்பொருளை நம்பிக் கருவிகளைத் தயாரித்தன. 2020-இல் 599 டாலருக்கு வந்த எச்பி ரிவெர்ப் ஜி2 அவற்றுள் ஒன்று. 2023 டிசம்பரில் அந்த மென்பொருளைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அதை நீக்கியே விட்டது. வில்லையும் திரையும் சிறிதும் பழுதாகாத நிலையில், கணினியைப் புதுப்பித்த குற்றத்துக்காக 599 டாலர் கருவி இயங்காமல் போவது நுகர்வோருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2020 அக்டோபர் முதல் புதிய குவெஸ்ட் பயனர்கள் ஃபேஸ்புக் கணக்கு வைத்தே ஆகவேண்டும் என்று விதித்ததும் 2022 ஆகஸ்டில்தான் தளர்ந்தது. அதே மாதத்தில் குவெஸ்ட் 2-இன் விலை 100 டாலர் ஏற்றப்பட்டது. இரண்டு வயதான மின்னணுப் பொருளின் விலை ஏறியதைக் கண்டு வாங்குவோர் திகைத்தார்கள். அடுத்த ஆண்டே அது பழைய விலைக்கு இறங்கியது.

இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஹெட்செட்டுகளையும் கண்ணாடிகளையும் கவனிக்கும் மெட்டாவின் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு 2022-இல் சுமார் 1,370 கோடி டாலரும் 2024-இல் சுமார் 1,770 கோடி டாலரும் இழப்பைக் காட்டியது. 299 டாலர் என்பது அந்த நிறுவனத்தின் எதிர்கால நம்பிக்கை தாங்கிப்பிடித்த விலை. வாங்குபவருக்கு அது ஆதாயம்தான். ஆனால் அந்த நம்பிக்கை தளரும் நாளில் விலை ஏறலாம், அல்லது ஆதரவு நிற்கலாம். ஆகவே ஒரு ஹெட்செட்டின் பயனுள்ள ஆயுளை மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு மேல் கணக்கிடாமல், அந்தக் காலத்துக்குள் போட்ட பணம் ஈடாகுமா என்று பார்ப்பதே சரியான முறை. வாரம் மூன்று முறை அரைமணி நேரம் பயன்படுத்துபவருக்கு 500 டாலர் மூன்று ஆண்டுகளில் மணிக்கு ஏறத்தாழ இரண்டு டாலர். மொத்தம் பத்து மணி நேரத்தோடு நிறுத்தியவருக்கு அதே 500 டாலர் மணிக்கு ஐம்பது டாலர்.

குழந்தைகளுக்காக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மெட்டா பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கின் வழியே 10 வயது முதலும், சோனி 12 வயது முதலும், ஆப்பிள் 13 வயது முதலும்தான் அனுமதிக்கின்றன. ஆறு வயதுக் குழந்தைக்குப் பரிசாக வாங்கித் தருவதை எந்த விலையிலும் நான் ஆதரிக்க மாட்டேன்.

வாங்குவதென்று முடிவெடுத்தவர், உடற்பயிற்சிக்கும் விளையாட்டுக்கும் குவெஸ்ட் 3எஸ் போதும் என்று கொள்ளலாம். எழுத்துகளைப் படிக்கவோ படம் பார்க்கவோ கணிசமான நேரம் செலவிடப் போகிறவர் மட்டும் கூடுதல் பணம் கொடுத்துக் குவெஸ்ட் 3-இன் தெளிவான வில்லைகளை எடுத்துக்கொள்ளட்டும். முன்பதாக, வைத்திருப்பவர் ஒருவரிடமிருந்து ஒரு வார இறுதிக்கு இரவல் வாங்கி, தாம் செய்ய விரும்பும் அதே காரியத்தை அரைமணி நேரம் செய்து பார்ப்பது நல்லது. கடையில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்ப்பது வியப்பை மட்டுமே அளக்கும். தம் நாட்டில் அதிகாரபூர்வமாக விற்கப்படாத கருவியை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர், பழுதானால் உத்தரவாதம் கிடைப்பது அரிது என்பதையும் விலையோடு சேர்த்து எண்ண வேண்டும். வாங்கிய பின் வில்லைகள் மேல் நேர் வெயில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்து அவை திரையைச் சில நிமிடங்களில் கருக்கிவிடும். திருப்பித் தருவதற்கான அவகாசம் எத்தனை நாள் என்பதை வாங்கும் முன்பே கேட்டு, அந்த நாள்களில் வேறு வேலை குறைவாக இருக்கும் வாரமாகப் பார்த்து வாங்குங்கள். முதல் நாள் எல்லோருக்கும் பிடிக்கும். பத்தாவது நாள் யாரும் சொல்லாமலே கை அதைத் தேடி எடுக்காவிட்டால், அவகாசம் முடிவதற்குள் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.